இரண்டு துண்டு கேக், ஒரு சொட்டு மரணம்!

1

டெலிபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் எடுக்கவில்லை. வாய் நிறையத் தண்ணீர். தண்ணீருக்கு நடுவில் ஒரு மாத்திரை. இரண்டும் தொண்டையைத் தாண்டும்வரை உலகம் காத்திருக்கத்தான் வேண்டும்.

காலையில் எழுந்ததும் ஒரு தும்மல் போட்டிருந்தார். ஒரே ஒரு தும்மல்! அதற்கு ஒரு ஆன்டிபயாடிக்.

நேற்று கொட்டாவி விட்டபோது தாடை வலித்தது. அதற்கு ஒன்று. போன வாரம் மேலதிகாரி திட்டியதில் தலை கனத்தது. அதற்கும் ஒன்று!

ஸ்டேஷனில் அவருக்குப் பட்டப்பெயர் 'மாத்திரை'. அவர் காதில் விழாமல்தான் சொல்வார்கள். பயம் ஒன்றும் இல்லை... கேட்டு மனசு வலித்தால் அதற்கும் ஒரு மாத்திரை போட்டுவிடுவாரே என்கிற அக்கறை!

ஏட்டுதான் போனை எடுத்தார். கேட்டார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார்.

"சார்... ஆஸ்பத்திரி லேப்லேர்ந்து. உங்க அக்கா."

"என்னவாம்?"

"ஒரு பிணம் இருக்காம். உங்களை உடனே வரச் சொல்றாங்க."

"பிணத்துக்கு என்னய்யா அவசரம்? எங்க ஓடிப் போகப் போகுது?"

"போட்டோகிராபரோட பிணமாம் சார். சேர்மன் வீட்டு பர்த்டே பார்ட்டியில போட்டோ எடுத்தாரே... அவர்!"

இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது.

"அந்த ஆளா? ரெண்டு வாரம் முன்னாடி கல்லு மாதிரி இருந்தானே! என் பக்கத்துல உக்காந்துதானே கேக் தின்னான்!"

"அதைத்தான் சார் அக்காவும் கேக்கறாங்க."

"எதை?"

"கேக்கை!"

2

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் இருந்தது லேப். கதவில் 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்று ஒரு போர்டு. போர்டுக்குக் கீழேயே யாரோ காலி டீ கிளாஸை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

உள்ளே அக்கா. வெள்ளைக் கோட்டு. நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட கண்ணாடி. வயதில் இன்ஸ்பெக்டரைவிட நான்கு வருஷம் மூத்தவள். அதட்டலில் நாற்பது!

"வாடா. அந்த மேஜை மேல கை வைக்காதே. அந்த ஸ்டூலைத் தொடாதே. மூச்சு மட்டும் விட்டுக்கோ."

"வான்னு சிரிச்ச முகமா கூப்பிட மாட்டியாக்கா?"

"பிணத்தைப் பத்திப் பேச வந்திருக்கே. இதுல சிரிப்பு ஒண்ணுதான் குறைச்சல்!"

ஒரு தட்டை நீட்டினாள். உள்ளங்கை அகலத்தில் கண்ணாடித் தட்டு. உள்ளே ஜெல்லி மாதிரி ஒரு படிவு. அதன்மேல் வெள்ளை வெள்ளையாகக் காகிதப் பொட்டுகள். சட்டைப் பட்டன் சைஸ்.

"போட்டோகிராபர் ரத்தத்துல இருந்த கிருமியை இதுல வளத்திருக்கேன். டைபாய்டு. இந்தப் பொட்டு ஒவ்வொண்ணும் ஒரு மருந்துல தோய்ச்சது. மருந்து வேலை செஞ்சா, பொட்டைச் சுத்தி கிருமி செத்து, பளிச்னு ஒரு வட்டம் விழணும். வட்டம் தெரியுதா?"

இன்ஸ்பெக்டர் குனிந்தார். ஏட்டும் குனிந்தார்.

"தெரியலையேக்கா."

"எனக்கும் தெரியல. மார்க்கெட்ல கிடைக்கற அத்தனை மருந்தையும் வச்சுப் பாத்துட்டேன். ஒண்ணையும் மதிக்கல. பொட்டு மேலேயே ஏறி உக்காந்து வளருது!"

"இப்படி ஒரு கிருமி எங்கேர்ந்து வந்துது?"

"அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். போன வருஷம் இதே கிருமி ஒரு நோயாளிகிட்ட கிடைச்சுது. பாவம், அந்த ஆள் பொழைக்கல. ஆராய்ச்சி பண்ணட்டும்னு அதை ஒரு குப்பியில போட்டு சேர்மனோட தடுப்பூசி கம்பெனிக்கு நான்தான் அனுப்பினேன். அதுக்கப்புறம் ஊர்ல வேற யார்கிட்டயும் இது கிடையாது. இப்போ சேர்மன் வீட்டு கேக் தின்னவங்க எட்டு பேர் என் ஆஸ்பத்திரியில கிடக்கறாங்க. ஒருத்தர் மார்ச்சுவரில!"

இன்ஸ்பெக்டரின் மூளை வேலை செய்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை செய்யும். இன்று ஒரு தடவை.

"சேர்மனும் நர்சிங் ஹோம்ல கிடக்கறாரே! பார்ட்டி முடிஞ்ச மறுநாளே காய்ச்சல். நினைவே இல்லைன்னு தினம் டி.வி.ல சொல்றாங்க. அப்போ இது..."

"கொலை."

"குறி சேர்மனுக்கு! மத்தவங்க சும்மா நடுவுல மாட்டினவங்க!"

பெரிய மனுஷன். நோயைக்கூட முதல் ஆளாய் வாங்கிக்கொண்டார்!

அக்கா கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினாள். அது நல்ல சகுனம் இல்லை.

"நீ கேக் சாப்பிட்டியா?"

"இல்லக்கா."

"டேய்."

"ஒரு துண்டு."

"டேய்!"

"ரெண்டு! சேர்மன் தன் கையாலேயே எடுத்துக் குடுத்தார். எச்சில் கையால காக்கா ஓட்டாத மனுஷன்... எல்லாருக்கும் அவரே பரிமாறினார்! வேண்டாம்னா சொல்ல முடியும்?"

"தடுப்பூசி போட்டுக்கிட்டியா? போன வருஷம் உங்க ஸ்டேஷன்லயே கேம்ப் நடந்துதே?"

"அன்னிக்கு எனக்கு அவசர டூட்டி."

ஏட்டு தொண்டையைச் செருமினார்.

"ஆமாம்மா. பாத்ரூம்ல. கேம்ப் முடியறவரைக்கும்!"

இன்ஸ்பெக்டர் ஏட்டை முறைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து ஆட்டினார்.

"ஊசி எதுக்குக்கா? இதான் இருக்கே! எதுவும் நம்மகிட்ட வாலாட்டாது."

"இதை எத்தனை நாள் சாப்பிட்டே?"

"ரெண்டு நாள். சரியாப் போச்சு. மிச்சத்தை அடுத்த தடவைக்குப் பத்திரமா வச்சிருக்கேன்."

"அடடா, சிக்கனம்! தும்மல் வைரஸ்ல வர்றது. அதுக்கும் இந்த மாத்திரைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனா உன் உடம்புல சும்மா கிடக்கற கிருமிக்கெல்லாம் சம்பந்தம் உண்டு. இதோ பாரு... ஒரு தெருவுல நூறு திருடன். நீ ரெய்டு போறே. சோப்ளாங்கியெல்லாம் மாட்டிக்கறான். 'தெரு சுத்தமாயிடுச்சு'ன்னு பாதியில திரும்பி வந்துடறே. மிச்சம் யாரு?"

"கில்லாடிங்க."

"அந்தக் கில்லாடிங்க அங்கயே குடித்தனம் நடத்தி புள்ளை பெத்தா? புள்ளைங்க எப்படி இருக்கும்?"

ஏட்டு முந்திக்கொண்டார். "நாம ரெய்டு வர்ற டைம்கூட அதுங்களுக்கு அத்துப்படியா இருக்கும்மா!"

"அவ்வளவுதான்! அதோட விடாது. பூட்டை உடைக்கற வித்தையைப் பக்கத்துத் தெரு திருடனுக்கும் சும்மாவே கத்துக் குடுக்கும். நீ முழுங்கற ஒவ்வொரு அரைகுறை மாத்திரையும் அதுங்களுக்கு டிரெயினிங் கேம்ப். உன்னை மாதிரி ஊர் பூரா ஆளுங்க. அப்படி வளந்து வந்ததுதான் இந்தத் தட்டுல உக்காந்திருக்கு!"

இன்ஸ்பெக்டர் தட்டைப் பார்த்தார். மாத்திரை அட்டையைச் சத்தமில்லாமல் பைக்குள் வைத்தார்.

"அக்கா... நான் அதைத் தின்னு ரெண்டு வாரம் ஆச்சு. எனக்கு ஒண்ணும் வரல பாத்தியா?"

"இந்தக் கிருமி உள்ள போயி வேலையை ஆரம்பிக்கவே ஒரு வாரம் ஆகும். சில பேருக்கு ரெண்டு வாரம், மூணு வாரம். வந்தா..." அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வந்தா குடுக்க என்கிட்ட மருந்து இல்லடா."

3

சேர்மன் வீடு. ஹால் முழுக்கப் பூங்கொத்துகள். 'சீக்கிரம் குணமாகுங்கள்' அட்டைகள். டி.வி.யில் நர்சிங் ஹோம் வாசல். மைக்குக்கு முன்னால் சேர்மனின் சொந்த டாக்டர்.

"சேர்மன் உயிருக்குப் போராடிக்கிட்டிருக்கார்! இந்தக் கிருமிக்கு மருந்தே கிடையாது! தடுப்பூசி ஒண்ணுதான் வழி!"

அடுத்த காட்சியில் மருந்துக் கடை. கடைக்கு வெளியே தெருமுனைவரை வரிசை. இரண்டு வாரம் முன்புவரை அந்த ஊசி மருந்தைச் சீந்துவார் இல்லை. கம்பெனி கோடவுனில் தூசி படிந்து கிடந்தது. இப்போது ஆளுக்கு ஆள் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

சோபாவில் மூன்று பேர். சேர்மனின் மகள், மாப்பிள்ளை, சேர்மனின் தம்பி. மூன்று பேருமே கேக் தின்றவர்கள். மூன்று பேருமே முழுசாய் இருந்தார்கள்!

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார்.

"போட்டோகிராபர் செத்தாச்சு. விருந்தாளிங்க வார்டுல. சேர்மனுக்கு நினைவு இல்ல. உங்க மூணு பேருக்கு மட்டும் ஒரு ஏப்பம்கூட வரலையே... எப்படி?"

தம்பிக்காரர் டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் கண்ணைத் துடைத்தாள். மாப்பிள்ளைதான் பேசினான். கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவு அவன் பொறுப்பு. ஒல்லியான உடம்பு, தூக்கமில்லாத கண்.

"தடுப்பூசி சார். எங்க கம்பெனி ஊசிதான். வீட்ல இருக்கறவங்க, கம்பெனி ஸ்டாஃப் எல்லாருக்கும் நானே போட்டேன். செத்த கிருமியோட ஒரு துண்டை உடம்புக்கு முன்கூட்டியே காட்டி வச்சிடுவோம். நிஜக் கிருமி வரும்போது உடம்பு அடையாளம் கண்டுபிடிச்சு அடிச்சிடும். கிருமி எந்த மருந்தை எதிர்த்தா என்ன, அது வேர் பிடிக்கறதுக்கு முன்னாடியே..."

"பாடம் வேண்டாம். ஆஸ்பத்திரியிலேர்ந்து உங்களுக்கு ஒரு குப்பி வந்துதே. எங்க?"

மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது.

"காணோம் சார்."

"காணோமா!"

"பார்ட்டிக்கு முந்தின வாரம் குளிர் அறையைத் திறந்து பாத்தேன். இல்ல. மாமாகிட்ட ஓடினேன். 'வெளியில மூச்சு விடாதே, கம்பெனி மானம் போயிடும்'னார்."

"குளிர் அறை சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு. மாமாகிட்ட ஒண்ணு."

"மாமா சாகக் கிடக்கறார். மாமா போனா கம்பெனி யாருக்கு?"

தம்பிக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு குடம் விஷம்!

"எழுந்திருங்க. ஸ்டேஷனுக்குப் போலாம்."

"சார், நான் சொல்றதைக் கேளுங்க! எல்லாருக்கும் ஊசி போட்டேன்னு சொன்னேன் இல்ல... ஆனா..."

"ஆனா, ஆவன்னா எல்லாம் அங்க வந்து படிங்க!"

மகள் குறுக்கே வந்து நின்றாள். குரல் உடைந்தது.

"அங்க அப்பா போராடிக்கிட்டிருக்கார். இங்க புருஷனை இழுத்துக்கிட்டுப் போறீங்க. நான் யாருக்காக அழறது இன்ஸ்பெக்டர்?"

இன்ஸ்பெக்டருக்கு லேசாகத் தலை வலித்தது. பழக்க தோஷத்தில் கை சட்டைப் பைக்குப் போனது. அக்காவின் தட்டு ஞாபகம் வந்தது.

கை பாதியில் நின்றுவிட்டது.

4

"மாப்பிள்ளையைப் புடிச்சாச்சுக்கா! கேஸ் முடிஞ்சுது!"

போனில் அக்காவின் குரல் குறுக்கிட்டது.

"ஒத்துக்கிட்டானா?"

"இல்ல. ஊசி போட்டதால தப்பிச்சேன்னு ஒரே வார்த்தையைப் புடிச்சுக்கிட்டுத் தொங்கறான்."

"நியாயமாத்தான் இருக்கு. இங்க பாருடா. கேக்குல கலந்தவன், யாரும் சந்தேகப்படக் கூடாதுன்னு அதே கேக்கைத் தானும் தின்னிருப்பான். அவ்வளவு பெரிய ஆபத்துல ஊசியை மட்டும் நம்பி இறங்குவானா? ஊசி நூத்துக்கு நூறு காப்பாத்தும்னு சொல்ல முடியாது. இந்தக் கிருமியை அடிக்கற மருந்து ஏதோ ஒண்ணு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். அதை முழுங்கிட்டுத்தான் வந்திருப்பான். இன்னமும் முழுங்கிக்கிட்டே இருப்பான்."

"அப்படி ஒரு மருந்து இருக்கா?"

"நமக்குத்தான் தெரியாது. அவனுக்குத் தெரியும். அவன் யாருன்னு தெரிஞ்சா மருந்தும் தெரியும். வார்டுல இருக்கற எட்டு பேர் பொழைப்பாங்க. நீயும் பொழைப்பே!"

"எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"உள்ளே போற மருந்து வெளியிலயும் வந்துதானே ஆகணும்? எல்லார்கிட்டயும் சாம்பிள் வாங்கு."

"ரத்தமா?"

"மூத்திரம்!"

இன்ஸ்பெக்டர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தார்.

"அக்கா, நான் ஒரு போலீஸ் அதிகாரி..."

"அதனால உன்னோடதும் ஒண்ணு வேணும். ஒழுங்கா மூடி போட்டு அனுப்பு!"

வேலை ஏட்டின் தலையில் விழுந்தது. துப்பாக்கி பிடித்த கை. பதக்கம் வாங்கிய கை. அந்தக் கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை, கூடைக்குள் பாட்டில்கள்!

"சேர்மன் குடும்பத்துல ஒருத்தர் விடாம வாங்கிட்டு வாங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒருத்தர் விடாமலா சார்?"

"தமிழ்லதானே சொல்றேன்? ஒருத்தர் விடாம!"

அக்கா தட்டில் அந்தக் கொலைகாரக் கிருமியையே மெழுகிப் பரப்பினாள். ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு காகிதப் பொட்டைத் தோய்த்தாள். தட்டின்மேல் வைத்தாள். சூட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"கிருமி வளரட்டும். காலையில வா. எந்தப் பொட்டைச் சுத்தி வட்டம் விழுதோ, அந்த ஆள்தான்."

5

காலையில் வந்தார். நேராக நடந்து வரவில்லை. ஏட்டின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அக்கா புறங்கையை அவர் நெற்றியில் வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள்.

"எப்போலேர்ந்துடா?"

"விடியும்போது குளிர் அடிச்சுது. ஃபேன் வேகமா ஓடுதுன்னு நினைச்சேன். ஃபேனே ஓடலக்கா!"

அவள் கண் கலங்கியது. மூக்கை உறிஞ்சினாள். அதட்டல் குரலைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

"எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்தன்தான்டா. உனக்கு ஏதாவது ஆச்சு... உன்னை நான் கொன்னே போட்டுடுவேன்!"

"தட்டை எடுக்கா. எனக்கும் பயமா இருக்கு."

சூட்டுப் பெட்டி திறந்தது. தட்டு வெளியே வந்தது. மூன்று தலைகள் அதன்மேல் குனிந்தன.

"மாப்பிள்ளை?"

"வட்டம் இல்ல."

"தம்பி?"

"இல்ல."

"மகள்?"

"இல்ல. ஊசிதான் காப்பாத்தியிருக்கு. அந்தப் புள்ள உண்மையைத்தான் சொல்லியிருக்கான்."

"இது?"

"இது நீ!"

இன்ஸ்பெக்டர் தன் பொட்டைப் பார்த்தார். இத்தனை வருஷமாய்த் தும்மலுக்கும் கொட்டாவிக்கும் விழுங்கிய மாத்திரைகள் எல்லாம் கண்முன் வந்தன. பொட்டைச் சுற்றிக் கிருமி கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது. ஒரு மயிரிழை இடைவெளிகூட இல்லை.

"உன் மாத்திரையெல்லாம் அதுக்கு மிட்டாய்டா," என்றாள் அக்கா. குரலில் கேலி இல்லை.

"அவ்வளவுதானா? யாருக்குமே வட்டம் இல்லையா?"

"இருக்கு."

தட்டின் ஓரத்தில் ஐந்தாவதாய் ஒரு பொட்டு. அதைச் சுற்றி... பளிச்சென்று, பெரிதாய், நாணயத்தைப் பதித்து எடுத்த மாதிரி ஒரு வட்டம்!

"யாரோடதுய்யா இது?"

ஏட்டு இரண்டு அடி பின்வாங்கினார்.

"சார், திட்டக் கூடாது. நீங்கதான் ஒருத்தர் விடாமன்னு சொன்னீங்க. நர்சிங் ஹோம்ல நர்ஸ்கிட்ட கேட்டேன். படுக்கைக்கு அடியில தொங்கற பையிலேர்ந்து புடிச்சுக் குடுத்துட்டாங்க."

"யாரோடது?"

"சேர்மனோடது!"

"யோவ்! சாகக் கிடக்கறவர்கிட்ட போயா வாங்கினே? அவருக்குத்தான் அத்தனை ஊசி மருந்து ஏத்தறாங்களே. அதான் வட்டம்!"

"எந்த மருந்து?" அக்கா நிமிர்ந்தாள். "ஆஸ்பத்திரியில ஏத்தற மருந்து எல்லாத்தையும் நான் வச்சுப் பாத்தாச்சு. ஒண்ணுக்கும் இது அசையல. இவர் உடம்புல இருக்கறது வேற! இன்னொண்ணு... பார்ட்டிக்கு மறுநாளே காய்ச்சல்னு சொன்னே இல்ல?"

"ஆமா."

"வேலையை ஆரம்பிக்கவே ஒரு வாரம் ஆகும்னு நானே உன்கிட்ட சொன்னேன். சொல்லிட்டு நானும் கோட்டை விட்டுட்டேன், நீயும் கோட்டை விட்டே. நம்ம அப்பா அம்மா ரொம்பப் பெருமைப்படுவாங்க! மறுநாளே காய்ச்சல் வர்றதுக்கு இவர் என்ன கிருமிக்கு மச்சானா?"

கேக்கைத் தன் கையால் பரிமாறிய மனுஷன். எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷன்!

இன்ஸ்பெக்டருக்குக் குளிர் விட்டுப்போய் வியர்த்தது.

"ஜீப்பை எடுய்யா!"

6

நர்சிங் ஹோம். வி.ஐ.பி. அறை. சேர்மன் படுத்திருந்தார். மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய். மூடிய கண். முகத்தில் ஒரு மகான் களை.

சொந்த டாக்டர் கதவை மறித்தார்.

"நீங்க உள்ளே வரக் கூடாது! அவருக்கு நினைவே இல்ல!"

"எனக்கும் பாதி நினைவுதான் இருக்கு டாக்டர். நகருங்க!"

அக்காவும் ஏட்டும் பின்னாலேயே நுழைய, இன்ஸ்பெக்டர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். போர்வையைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். தலையணையைப் பார்த்தார். அதன் அடியில் கையை நுழைத்தார்.

ஏதோ தட்டுப்பட்டது. உருவி எடுத்தார். ஒரு பாட்டில். உள்ளே பச்சை நிறக் கேப்ஸ்யூல்கள்.

அடுத்த விநாடி... ஒரு கை பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது!

"ஏய்! அது என்னோடது!"

நினைவில்லாத சேர்மன் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"ஆகா!" என்றார் ஏட்டு. "என்ன மருந்து சார் இது? பார்த்த உடனே குணமாகுது!"

சொந்த டாக்டர் சத்தமில்லாமல் கதவுப் பக்கம் நகர்ந்தார். ஏட்டு காலை நீட்டினார். டாக்டர் குப்புற விழுந்தார்.

அக்கா பாட்டிலை வாங்கி, அதன் பழைய லேபிளைப் படித்தாள். ஒரு கேப்ஸ்யூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"இதுவா! நான் படிக்கும்போது இருந்த மருந்துடா இது! புதுசு புதுசா வந்ததும் இதை எல்லாரும் தூக்கிப் போட்டாச்சு. தயாரிக்கறதையே விட்டுட்டாங்க. இத்தனை வருஷமா யாரும் இதால அடிக்கல. அடி விழாத இடத்துக்கு எதுக்குக் கேடயம், வெட்டிச் சுமைன்னு கிருமியும் கீழே போட்டுடுச்சு. இப்போ அடிச்சா செத்து விழுது!"

"எங்கேர்ந்து கிடைச்சுது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சேர்மன் மூக்குக் குழாயை எரிச்சலோடு பிடுங்கி எறிந்தார்.

"எங்கப்பா காலத்துல எங்க கம்பெனிதான் இதைத் தயாரிச்சுது. தூள் இன்னும் பழைய கோடவுன்ல மூட்டையா கிடக்கு. வெளியூர் லேப்ல ரகசியமா குடுத்துப் பாத்தேன். இது ஒண்ணுதான் கேட்டுதுன்னு சொன்னாங்க."

"அதைச் சொல்லியிருந்தா எல்லாரும் பொழைச்சிருப்பாங்களே!"

"பொழைச்சா ஊசியை யார் வாங்குவா?" சேர்மன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "கோடவுன் நிறைய ஊசி மருந்து. 'டைபாய்டா? நாலு மாத்திரை போட்டா போச்சு'ன்னு ஒருத்தனும் சீந்தல. பயமில்லாத ஊர்ல எவன் ஊசி போட்டுக்குவான்? மாத்திரை கேக்காத ஒரு கிருமி வந்துது. கொஞ்சம் பயம் காட்டினேன். நானே முதல்ல படுத்துக்கிட்டேன். தியாகம் இன்ஸ்பெக்டர், தியாகம்!"

"போட்டோகிராபர் செத்துட்டான்யா!"

"நான் அவனுக்கு ஒரு துண்டுதான் குடுத்தேன். யாரும் பாக்காதப்போ இன்னும் மூணு எடுத்துத் தின்னிருக்கான். பேராசை!"

இன்ஸ்பெக்டர் கையை ஓங்கினார். ஓங்கிய கை கட்டில் கம்பியைத் தேடியது. அறை ஒரு சுற்று சுற்றியது. அக்கா தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு கேள்வி," என்றாள் அவள் சேர்மனிடம். "உங்ககிட்ட கோடவுன் நிறைய ஊசி இருக்கே. உங்க வீட்ல எல்லாரும் அதைப் போட்டுக்கிட்டு ஜம்முனு இருக்காங்க. நீங்களும் போட்டுக்கிட்டு கேக் தின்னிருந்தா இந்தக் கேப்ஸ்யூலே வேண்டாம். வட்டமும் விழுந்திருக்காது. மாட்டியிருக்கவே மாட்டீங்க. ஏன் போட்டுக்கல?"

சேர்மன் வாயைத் திறந்தார். மூடினார். சுவரைப் பார்த்தார்.

7

பதில் மாப்பிள்ளையிடமிருந்து வந்தது.

லாக்கப்பிலிருந்து வெளியே வந்தவன் வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பழைய கோடவுனுக்குப் போய் மூட்டையைப் பிரித்தான். தூளைச் சோதித்து, அளந்து, கேப்ஸ்யூலில் அடைத்து, ஒவ்வொரு டப்பாவாய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். வார்டில் கிடந்த எட்டுப் பேரும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

ஒன்பதாவது கட்டிலில் இன்ஸ்பெக்டர்.

"மன்னிச்சுக்கங்க தம்பி. உங்களைப் போய்..."

"பரவாயில்ல சார். அன்னிக்கே சொல்ல வந்தேன். 'எல்லாருக்கும் போட்டேன், ஆனா மாமா மட்டும் போட்டுக்கல'ன்னு. நீங்கதான் ஆனா, ஆவன்னா படிக்கச் சொன்னீங்க!"

இன்ஸ்பெக்டர் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார்.

"ஏன் போட்டுக்கல அவர்?"

"எவ்வளவோ கெஞ்சினேன். 'அதெல்லாம் விக்கறதுக்குடா, போட்டுக்கறதுக்கு இல்ல. நம்ம கம்பெனி சரக்கு எந்த லட்சணத்துல இருக்கும்னு எனக்குத் தெரியாதா'ன்னார். நான் ராப்பகலா உழைச்சு சுத்தமா செஞ்ச மருந்து சார் அது. ஊர்ல அதை நம்பாத ஆள் அவர் ஒருத்தர்தான்."

காய்ச்சல் இறங்கியது. பசி எடுத்தது. நாலாம் நாள் இன்ஸ்பெக்டர் கட்டிலை விட்டு இறங்கி மீசையை முறுக்கினார்.

"நான் நல்லாயிட்டேன்க்கா. போதும். மிச்ச கேப்ஸ்யூலை அடுத்த தடவைக்கு எடுத்து வச்சுக்க..."

அக்கா ஏட்டைப் பார்த்தாள்.

ஏட்டு விலங்கை எடுத்தார். ஒரு வளையம் இன்ஸ்பெக்டர் கையில். இன்னொரு வளையம் கட்டில் கம்பியில். க்ளிக்!

"கடைசி கேப்ஸ்யூல் உள்ளே போனதும் சாவி வெளியே வரும் சார். அக்கா ஆர்டர்!"

முழுசாய் முடித்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்கு வந்தார். வந்தவர் சட்டைப் பையிலிருந்த பழைய மாத்திரை அட்டைகளையெல்லாம் அக்காவிடமே ஒப்படைத்தார். இரண்டு தும்மல் போட்டார். வெந்நீர் குடித்தார். தும்மல் தானாகவே போயிற்று. ஸ்டேஷனே எழுந்து நின்று பார்த்தது!

சேர்மனைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். வாசலைத் தாண்டியதும் கைதிகளின் வரிசை. வரிசையின் முடிவில் ஒரு மேஜை. மேஜைமேல் பஞ்சு. பக்கத்தில் சிறை நர்ஸ்.

"என்ன அது?" சேர்மனின் குரல் கீச்சிட்டது.

"தடுப்பூசி," என்றாள் நர்ஸ். "ஊர்ல ஒரு கிருமி சுத்துதாம். உள்ளே வர்ற எல்லாருக்கும் கட்டாயம். கையை நீட்டுங்க."

"ஐயோ, வேண்டாம்! அதுல என்ன இருக்கோ! எவன் செஞ்சானோ! என்னை விடுங்க!"

நான்கு வார்டர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஏட்டு மேஜைமேல் இருந்த டப்பாவை எடுத்தார். லேபிளைப் படித்தார். சேர்மனின் முதுகில் ஆறுதலாகத் தட்டிக்கொடுத்தார்.

"பயப்படாதீங்க சார்... உங்க கம்பெனி சரக்குதான்!"